இரண்டாம் எண் பொத்தான்

யார் எந்த நிகழ்ச்சியை எத்தனை நிமிடம் பார்க்கிறார்கள் என்பது நேயர் எண்ணிக்கைக் கழகத்துக்குத் தெரியும். எந்த விளம்பரம் வந்தபோது எழுந்து போனார்கள் என்பதும் தெரியும். ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் "அது வேற டிபார்ட்மென்ட்" என்பார்கள். அந்த வேறு டிபார்ட்மென்ட் எந்த மாடியில் இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. இந்தக் கதையில் வருகிறவர் லிஃப்ட் மெக்கானிக். கழகத்தின் கட்டடத்தில் ஒன்பது மாடிக்கும் போய் வந்தவர். அவரே பார்த்ததில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் கழகம் அவர் வீட்டைத் தேர்ந்தெடுத்தது. வீட்டில் அவரும் மகளும்தான். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே அவள் அம்மா போய்விட்டாள். நிறுவல் அதிகாரி என்ற பதவியில் இருந்த ஒருவர், டை கட்டி, ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். டிவிக்குப் பக்கத்தில் ஒரு கருவியைப் பொருத்துவதற்கு முன் அப்பாவையும் மகளையும் எழுந்து நிற்கச் சொல்லி உறுதிமொழி எடுக்க வைத்தார். இந்த வீட்டில் கருவி இருப்பதை உறவினரிடமோ நண்பரிடமோ பக்கத்து வீட்டாரிடமோ சொல்ல மாட்டோம் என்பது உறுதிமொழியின் சாரம்.

"சொல்றதுக்கு அப்படி யாரும் இல்ல சார்" என்றார் மெக்கானிக்.

அதிகாரி மகிழ்ச்சியோடு, "மிகவும் தகுதியான வீடு" என்று குறித்துக்கொண்டார். பிறகு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினார்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த ஒரு சோறு நீங்கதான் சார். நீங்க ஒருத்தர் பாத்தா நாப்பதாயிரம் பேர் பாத்த மாதிரி. உங்க பொண்ணு பாத்தா நாப்பதாயிரம் பொண்ணுங்க. நீங்க நடுவுல எந்திரிச்சு பாத்ரூம் போனா நாப்பதாயிரம் பேர் பாத்ரூம் போறாங்க. அதனால கொஞ்சம் பொறுப்பா போங்க."

எட்டுப் பொத்தான் உள்ள ஒரு சிறிய ரிமோட்டையும் கொடுத்தார். டிவி முன்னால் வந்து உட்கார்ந்ததும் அவரவர் பொத்தானை அழுத்த வேண்டும். எழுந்து போகும்போது மறுபடி அழுத்த வேண்டும். அப்பாவுக்கு ஒன்று, மகளுக்கு இரண்டு. ஏழும் எட்டும் விருந்தாளிகளுக்கு. கடைசி வரை அந்த இரண்டு பொத்தான்களும் வாங்கின மெருகு கலையாமல் இருந்தன.

அவர்கள் இரண்டு பேருக்கும் உயிர் ஒரே ஒரு தொடர்தான். வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு வருகிற 'உரிமை கோராதவை'. ஒரு ரயில் நிலையத்தில், தொலைந்த பொருட்களைச் சேர்த்து வைக்கும் அறை. அதற்குப் பொறுப்பாக ஐம்பது வயதில் ஒரு அம்மாள். வாரம் ஒரு பொருள் வரும்: குடை, பல்செட், ஒற்றைச் செருப்பு. அது யாருடையது என்று அந்த அம்மாள் கண்டுபிடிப்பார். முதல் வாரமே ஒரு சிவப்புப் பெட்டியும் வந்தது. யாரும் கேட்டு வரவில்லை. உரியவர் வராமல் திறக்கக் கூடாது என்பது விதி. அது மேல் தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அது உள்ள யாருக்கோ ஆசையா வாங்கின துணி இருக்கும்" என்பார் மெக்கானிக். "குடுக்க முடியாமப் போயிருக்கும்."

"காலிப் பெட்டிப்பா அது" என்பாள் மகள். "உள்ள ஒண்ணுமே இருக்காது. பாருங்க."

விளம்பரம் வரும்போதெல்லாம் இந்தச் சண்டைதான். பெட்டியைத் தொடரில் திறக்கப் போவதில்லை, அதற்கென்றே ஒரு சினிமா எடுக்கப் போகிறோம் என்று தயாரிப்பாளர்கள் அறிவித்த அன்று மகள் துள்ளிக் குதித்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் 'சேர்ந்து பார்க்க வேண்டிய படங்கள்' என்று அவள் கையெழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. வரப்போகும் படங்கள் பதினொன்று, அவற்றின் தேதிகளோடு. சிவப்புப் பெட்டிப் படத்தை எல்லாவற்றுக்கும் மேலே எழுதி இரண்டு கோடு போட்டாள்.

அடுத்த மாதமே அவளுக்கு வேலை கிடைத்தது. பன்னிரண்டு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் ஒரு ஊரில், பிஸ்கட் தொழிற்சாலையில் தரச் சோதனை. போய்விட்டாள். பட்டியலில் இருந்த மற்ற படங்கள் ஒவ்வொன்றாக வந்து, ஓடி, தியேட்டரை விட்டும் போயின. 'சேர்ந்து' என்று எழுதியிருந்ததால் மெக்கானிக் ஒன்றுக்கும் போகவில்லை.

அவள் போன பிறகு வந்த முதல் வியாழன் எட்டு மணிக்குச் சோபாவில் உட்கார்ந்தார். கட்டைவிரல் ஒன்றை அழுத்தியது. பழக்க தோஷத்தில் இரண்டையும் அழுத்தியது. முதல் விளம்பரம் வந்தபோதுதான் அதைக் கவனித்தார். மறுபடி அழுத்தினால் அணைந்துவிடும். ஆனால் ஸ்டேஷனில் ஒரு தடவை அவளை அனுப்பி வைத்ததே போதும் என்றிருந்தது. விட்டுவிட்டார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் போன் செய்தாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். வேலை எப்படி, பரவாயில்லை. அங்கே மழையா, இல்லை. மூன்று நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது. இரண்டு பேரும் மற்றவர் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சரி, வெச்சிடவா?" என்று கேட்க அவர் வாயெடுத்தபோது அவள் கேட்டாள்.

"அப்பா, வியாழக்கிழமை என்ன ஆச்சு? எனக்கு இங்க டிவி பாக்க நேரமே இல்ல."

சொல்லத் தொடங்கினார். இருபத்திரண்டு நிமிடம் சொன்னார். வாழ்க்கையில் யாரிடமும் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அடுத்த வியாழன் ஒரு பென்சிலும் பழைய டைரியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாரம் முழுக்க லிஃப்ட் குழிகளில் தனியே இறங்கி எண்ணெய் போடுகிற மனிதருக்கு, ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டு நிமிடம் என்பது சாதாரண விஷயமில்லை. தொடர் இருக்கும் வரை அது இருக்கும். தொடர் நின்றால் மறுபடியும் அந்த மூன்று நிமிடம்தான். இது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்புறம் ஒரு நாள் பத்திரிகையில் சினிமாப் பக்கத்தில் ஒரு செய்தி. 'உரிமை கோராதவை' தொடருக்கு நேயர்கள் குறைந்துவருகிறார்கள். இளம்பெண்கள் மட்டும் ஒரு வாரம்கூடத் தவறாமல் பார்ப்பதால் தொடர் பிழைத்திருக்கிறது. அவர்கள் இருக்கும் வரை தொடர் ஓடும், படமும் எடுக்கப்படும். மெக்கானிக் இதை இரண்டு தடவை படித்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார். அதற்கடுத்த வியாழனிலிருந்து இரண்டாம் எண்ணை அவர் பழக்க தோஷத்தில் அழுத்தினார் என்று சொல்ல முடியாது.

கழகம் மகளின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை அனுப்பியது. 'உங்கள் ரசனையே எங்கள் திசை' என்று அச்சடித்திருந்தது. திசை உடனே தெரிய ஆரம்பித்தது. இளம்பெண்கள்தான் பார்க்கிறார்கள் என்பதால் ஐம்பது வயது அம்மாளை ரிட்டயர் செய்துவிட்டு, தலைமுடி மினுமினுக்கும் ஒரு பெண்ணை அந்த அறைக்குப் பொறுப்பாக்கினார்கள். மூன்றாவது வாரம் அவள் தொலைந்த பொருட்களோடு ஆடிப் பாடினாள்.

"இந்த வாரம் நடுவுல ஒரு பாட்டு வெச்சுட்டாங்க" என்று மட்டும் சொல்லி அதைக் கடந்துபோகப் பார்த்தார் மெக்கானிக்.

"அந்தக் குடை டான்ஸ் கொஞ்சம் ஓவர்தான்" என்று சிரித்தாள் மகள்.

உன்னைத் திருப்திப்படுத்தத்தான் இத்தனையும் நடக்கிறது என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. உறுதிமொழி வேறு தடுத்தது.

இப்படியே இரண்டு வருடம் போனது. அப்போது கழகத்திலிருந்து கடிதம் வந்தது. 'மூன்றாண்டுக்கு ஒரு முறை முன்னறிவிப்பின்றி நடத்தப்படும் திடீர்ச் சோதனை, தங்கள் இல்லத்தில் அடுத்த மாதம் பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு நடைபெறும்.' இணைப்பில் சோதனை முறை விளக்கப்பட்டிருந்தது. நேயர்கள் பொய் சொல்லக்கூடும், சோபா பொய் சொல்லாது என்பது கழகத்தின் கொள்கை. ஆகவே சோபாவில் உட்காரும் இடங்களில் விழுந்திருக்கும் குழியை அளப்பார்கள்.

மெக்கானிக் மகளின் பக்கத்தைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் அது உப்பி மேலே வந்திருந்தது. அன்றிலிருந்து ஒரு மாதம், டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே தெருவிளக்கு வெளிச்சம் திரையில் அடித்தது. இத்தனை வருடம் அவள் இந்தக் கண்கூச்சத்தோடுதான் பார்த்தாளா, ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

பதினான்காம் தேதி குழி அளவையாளர் வந்தார். ஒல்லியான மனிதர். காலணியைக் கழற்றி, கையுறை மாட்டி, சோபா முன் மண்டியிட்டு, ஒரு உலோக அளவுகோலை இறக்கினார்.

"முதல் குழி நாலு சென்டிமீட்டர். ரெண்டாவது குழி... அஞ்சு." நிமிர்ந்து பார்த்தார். "கருவி மாட்டினப்போ இது ரெண்டு சென்டிமீட்டர்தான் இருந்துச்சு. பொண்ணு கொஞ்சம் வெயிட் போட்டுட்டாங்களா சார்?"

"வளர்ற வயசு" என்றார் மெக்கானிக். அவளுக்கு வயது இருபத்தைந்து.

"ரொம்ப திருப்தி. இவ்வளவு ஈடுபாடான குழிய நான் பாத்ததே இல்ல. ஒரு கையெழுத்துதான் பாக்கி. பாப்பாவ கொஞ்சம் கூப்பிடுங்க."

மெக்கானிக் எழுந்து மகளின் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. தட்டினார். தட்டிவிட்டுக் காத்திருந்தார். உள்ளேயிருந்து பதில் வரும் என்று தான் உண்மையாகவே நின்றுகொண்டிருப்பது சற்று நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. திரும்பி வந்தார்.

"குளிக்கிறாங்களா? நான் வெயிட் பண்றேன்."

"இல்ல சார். அவ இங்க இல்ல. ரெண்டு வருஷமாவே இல்ல."

குழி அளவையாளர் அப்படியே இரண்டாவது குழியில் உட்கார்ந்துவிட்டார். கழக வரலாற்றில் ஒரு அளவையாளர் அளந்த குழியில் தானே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

விசாரணை கழகத்தின் ஒன்பதாவது மாடியில். போகும் வழியில் லிஃப்ட் ஐந்தில் நின்றுவிட்டது. மெக்கானிக் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதைச் சரிசெய்து, கூடவே ஏறியிருந்த, தன்னை விசாரிக்கப் போகிற இரண்டு பேரையும் பத்திரமாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒருவர் தலைமைக் கணிப்பாளர். இன்னொருவர் புள்ளிவிவர நிபுணர்.

தலைமைக் கணிப்பாளர் கோபப்படவில்லை. மிகவும் வருந்தினார்.

"உங்க பொண்ணு வேலைக்குப் போனது நல்ல விஷயம் சார். யார் வேணாம்னாங்க? ஆனா நாப்பதாயிரம் பொண்ணுங்க திடீர்னு ஒரே நாள்ல எங்க போவாங்க? அவங்கள நம்பித்தானே அந்த அம்மாவ ரிட்டயர் பண்ணோம், குடைய ஆட வெச்சோம், ஷாம்பூக்காரங்க எல்லாம் வந்தாங்க. இப்போ அப்படி ஒருத்தருமே இல்லன்னு சொன்னா நாங்க பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"தப்பு என் மேலதான் சார்."

"ஐயோ, தப்புன்னு ஒண்ணு நடக்கவே இல்ல. எங்க ரெக்கார்டுல எங்கயும் தப்புன்னு ஒரு கட்டமே கிடையாது. நாங்க எண்ணிட்டோம்னா அவங்க இருந்தாங்க. அவ்வளவுதான்."

மெக்கானிக்குக் குழப்பமாக இருந்தது. மனதில் அரித்துக்கொண்டிருந்த ஒன்றைக் கேட்டார். "சார், அவ அந்த ஊர்ல உக்காந்து பாத்தா, அத எண்ணிப்பீங்களா?"

புள்ளிவிவர நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்க யாரோட இருக்காங்க?"

"தனியாத்தான். ஒரு ரூம்ல."

"அப்போ எண்ண மாட்டோம். தனியா ஒருத்தர் பாத்தா அத நாங்க பாக்குறதுன்னு எடுத்துக்கிறதில்ல. டிவி ஓடுதுன்னு எடுத்துப்போம். தனியா இருக்கிறவங்க பேச்சுத்துணைக்கு எதையாவது போட்டு விட்டுட்டு உக்காந்திருப்பாங்க. அது ரசனை இல்ல சார். அது சத்தம்."

"அப்போ நான்?"

இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பேர் இருக்கிற வீடு" என்றார் தலைமைக் கணிப்பாளர் அன்போடு. "திட்டம் முடியிற வரைக்கும் அப்படியேதான் இருப்பீங்க."

திட்டத்தின் பெயர் 'படிப்படியான கண்ணியமான வெளியேற்றம்'. நாற்பதாயிரம் பெண்களும் ஒரே நாளில் போகாமல், கொஞ்சம் கொஞ்சமாக மனம் மாறிப் போக வேண்டும். தொடர் நாற்பது நிமிடம். முதல் வாரம் மகள் முப்பத்தைந்து நிமிடம் பார்ப்பாள். அடுத்த வாரம் முப்பது. இப்படியே எட்டு வாரம். நேரம் தவறாமல் அவளை எழுப்பி அனுப்புவது மெக்கானிக்கின் பொறுப்பு. அதற்காக அவருக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

முதல் வியாழன் முப்பத்தைந்தாவது நிமிடத்தில் இரண்டை அழுத்தினார். பச்சை விளக்கு அணைந்தது. மகள் எழுந்து போனாள். மூன்றாவது வாரம், ஒரு கிழவருக்கு அவருடைய பழைய கைக்கடிகாரம் திரும்பக் கிடைக்கும் நேரத்தில் அவளை அனுப்ப வேண்டியிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் இருந்தால் பார்த்திருப்பாள் என்று அவருக்கு மனசே ஆறவில்லை. எட்டாவது வாரம் டைட்டில் பாட்டு முடியும் முன்பே வெளியேற்றம் முடிந்துவிட்டது. மீதி நேரம் ஒன்றாம் எண் விளக்கு மட்டும் எரிந்தது. தனியாக இருப்பது அவருக்குப் புதிதில்லை. ஆனால் தனியாவதற்கு எட்டு வாரம் பிடித்தது அதுதான் முதல் தடவை.

இளம்பெண்கள் தொடரைக் கைவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. தொலைந்ததைத் தேடும் பொறுமை இந்தத் தலைமுறைக்கு இல்லை என்று ஒரு பேராசிரியர் அரைப் பக்கம் வருத்தப்பட்டார். தொடர் நின்றது. சினிமாவும் கைவிடப்பட்டது. கடைசிக் காட்சியில் அந்த அறையின் விளக்கை அணைத்தபோது சிவப்புப் பெட்டி மேல் தட்டிலேயே இருந்தது.

அடுத்த வாரம் குழி அளவையாளர் வந்து கருவியைக் கழற்றிக்கொண்டு போனார். போகும்போது ஒரு சான்றிதழ் கொடுத்தார். 'இவ்வீட்டில் எண்ணத்தக்க நேயர் எவருமில்லை என்று இதன் மூலம் சான்றளிக்கப்படுகிறது.'

ஞாயிறு பத்து மணிக்குப் போன் அடித்தது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். வேலை, மழை. மூன்று நிமிடம் ஆனது.

"அப்புறம்? இந்த வாரம் என்ன ஆச்சுப்பா?"

கண் எதிரே அலமாரியில் ஒரு டப்பா இருந்தது. லிஃப்ட் குழிகளில் இறங்கும்போது கிடைப்பவற்றை அதில் போட்டு வைப்பார். கதவிடுக்கு வழியாக என்னென்னவோ விழும். யாரும் கேட்டு வர மாட்டார்கள். தூக்கிப் போடவும் மனம் வராது.

"இந்த வாரம்..." என்றார். "ஒரு சாவி வந்துச்சு. வீட்டுச் சாவி. ஒரு பக்கம் சிவப்பு நூல் கட்டியிருக்கு."

அன்றைக்கு இருபத்தைந்து நிமிடம் பேசினார். அடுத்த வாரம் ஒற்றைக் கம்மல். அதற்கடுத்த வாரம் குழந்தையின் இடது கால் ஷூ. புதுப் பெண்ணை நீக்கிவிட்டுப் பழைய அம்மாளையே திரும்ப அறைக்குப் பொறுப்பாக்கினார். பாட்டை எடுத்துவிட்டார். மகள் இடையிடையே கேள்வி கேட்டாள். சாவிக்காரி ஏன் பூட்டை மாற்றவில்லை என்று ஒரு ஞாயிறு முழுக்க விவாதம் செய்தாள். ஒவ்வொரு ஞாயிறும் பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. இன்றோடு சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு டப்பாவைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்.

ஏழாவது ஞாயிறு அவர் ஒரு மோதிரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் குறுக்கிட்டாள்.

"அப்பா."

"சொல்லு."

"சீரியல் நின்னு ஏழு வாரம் ஆச்சு."

அவர் மோதிரத்தை மேசையில் வைத்தார். "பேப்பர்ல பாத்தியா?"

"பேப்பர்ல எதுக்கு? நான்தான் பாத்துட்டே இருந்தேனே. வியாழக்கிழமை எட்டு மணிக்கு ரூமுக்கு வந்துடுவேன். இந்த ரெண்டு வருஷத்துல ஒரு வாரம்கூட விட்டதில்ல."

அவருக்குக் குடை டான்ஸ் ஞாபகம் வந்தது. பாட்டு என்றுதான் சொன்னார். குடை என்று சொல்லவே இல்லை.

"அப்புறம் ஏன்டி பாக்க நேரமில்லன்னு சொன்ன?"



"பாத்தேன்னு சொன்னா, நீங்க 'சரி, வெச்சிடவா'ன்னு கேப்பீங்க."

மெக்கானிக் சோபாவில் மகளின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடித்தது. அப்படியென்றால் அவர் இரண்டாம் எண்ணை அழுத்திய அத்தனை வியாழனும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கழகத்தின் கணக்குகளில் அப்பழுக்கில்லாத எண் அது ஒன்றுதான். அதைத்தான் ஒன்பதாவது மாடியில் கூடி உட்கார்ந்து, ஸ்டாப்வாட்ச் கொடுத்து, எட்டு வாரம் பாடுபட்டுத் திருத்தினார்கள்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அந்த மோதிரம் யாருது? பாதியில விட்டுட்டீங்க."

"அதான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீ..."

"சொல்லுங்க. ஆனா ஒண்ணு. அந்தச் சிவப்புப் பெட்டிய மட்டும் திறந்துடாதீங்கப்பா."

"ஏன்? காலின்னுதானே சொல்லிட்டு இருந்த?"

"அதுக்குத்தான் சொல்றேன். திறக்காதீங்க."

"சரி" என்றார் அவர். பெட்டியை மேல் தட்டிலேயே விட்டுவிட்டு, மோதிரத்தைக் கையில் எடுத்தார்.